ரிஸ்ட் ஸ்ட்ராப் கட்டியும் போர்டு ஏன் சாகிறது?

கேள்வி இதுதான்: மின்னணு சர்க்யூட் போர்டுகளைச் செய்யும் சிறிய அசெம்பிளி லைன் ஒன்று. வேலை செய்யும் எல்லோரும் ரிஸ்ட் ஸ்ட்ராப் (உடலின் மின்னூட்டத்தை எர்த்துக்கு வடிக்கும் மணிக்கட்டுப் பட்டை) கட்டுகிறார்கள். மேசை மேல் நிலைமின்சாரத்துக்கான மேட் விரித்திருக்கிறது. எர்த் இணைப்பைச் சோதித்தாயிற்று. அப்படியும் இறுதிச் சோதனையில் சில போர்டுகள் உயிரில்லாமல் வருகின்றன. சோதனையில் தேறிய சில, பயனரிடம் போய்ச் சில மாதங்களில் திரும்பி வருகின்றன. போர்டில் பழுதான ஐ.சி.யை, அதாவது சிலிக்கான் சில்லை, அதன் தயாரிப்பாளருக்கு அனுப்பினால் "அளவுக்கு மீறிய மின்னழுத்தம் கொடுக்கப்பட்டிருக்கிறது" என்று அறிக்கை வருகிறது. இது நிலைமின்சாரத்தின் வேலையா? ஆம் என்றால் இன்னும் என்ன செய்ய வேண்டும்?

நிலைமின்சாரமாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் நீங்கள் காவல் வைத்திருக்கும் பக்கத்திலிருந்து அது வரவில்லை. ரிஸ்ட் ஸ்ட்ராப் அடைப்பது ஒரு வழியை மட்டும்தான்: மனித உடலில் சேர்ந்த மின்னூட்டம் விரல் வழியாக ஐ.சி.க்குள் பாயும் வழி. போர்டு தானே மின்னூட்டம் ஏறி, அடுத்து எந்த உலோகத்தைத் தொடுகிறதோ அதில் கொட்டிவிடும் இன்னொரு வழி இருக்கிறது. ஆட்களை ஒழுங்காக கிரவுண்ட் செய்துவிட்ட இடங்களில் மிஞ்சும் பழுதுகளுக்கு நான் முதலில் சந்தேகப்படுவது இந்த இரண்டாவது வழியைத்தான்.

முதலில் அளவுகளைப் பற்றிக் கொஞ்சம். கதவுப் பிடியைத் தொடும்போது சுரீர் என்று உணர்கிறோமே, அதற்கு உடலில் ஏறத்தாழ 3000 வோல்ட் இருக்க வேண்டும். அதற்குக் கீழே நடக்கும் எந்தப் பாய்ச்சலும் நமக்குத் தெரியாது. ஐ.சி.க்களைச் சோதிக்கும் மனித உடல் மாதிரியில் உடலை 100 பிகோஃபாரட் மின்தேக்கியாகவும் 1500 ஓம் தடையாகவும் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கணக்கில் 2000 வோல்ட் உடல் ஐ.சி.யின் ஒரு காலை (வெளியே நீளும் உலோக முள்) தொட்டால், உச்சத்தில் 1.3 ஆம்பியருக்கு மேல் பாயும். நேரம் மைக்ரோவினாடிக்குள்தான். ஆனால் அது போய்ச் சேரும் இடம் டிரான்சிஸ்டரின் கேட் ஆக்சைடு என்ற மிக மெல்லிய கடத்தாப் படலம். சிலிக்கான் டை ஆக்சைடு ஒரு நானோமீட்டர் தடிமனுக்கு ஏறத்தாழ ஒரு வோல்ட் வரைதான் தாங்கும். ஐ.சி.யின் ஓரத்தில் வைக்கப்படும் பாதுகாப்பு டயோடுகள் இல்லையென்றால் இந்தத் தொழிலே நடக்காது. அந்த டயோடுகளுக்கான இடமும் சுருங்கிக்கொண்டே வருகிறது. ஒரு காலத்தில் மனித உடல் மாதிரியில் 2000 வோல்ட் தாங்க வேண்டும் என்பது பொது எதிர்பார்ப்பு. இன்று 1000 வோல்ட் போதும் என்பது தொழில்துறையில் ஏற்கப்பட்ட இலக்கு. அதிவேக சிக்னல் கால்களும் ரேடியோ அலைவரிசைப் பாகங்களும் அதற்கும் கீழே. ஆகவே "எனக்கு ஷாக் எதுவும் அடிக்கவில்லையே" என்பது எந்த வகையிலும் சான்று ஆகாது.

ஆட்களின் பக்கத்தை வேகமாகப் பார்த்துவிடலாம், ஏனென்றால் அது ஓரளவு தீர்ந்த பிரச்சினை. ரிஸ்ட் ஸ்ட்ராப் கம்பியில் ஒரு மெகா ஓம் தடை வைத்திருப்பது ஆளைக் காப்பதற்காக. தவறி 250 வோல்ட் மின்கம்பியில் கை பட்டாலும் ஸ்ட்ராப் வழியாகக் கால் மில்லிஆம்பியருக்கு மேல் ஓடாது. மின்னூட்டம் வடிவதற்கு இந்தத் தடை இடைஞ்சல் இல்லை. 100 பிகோஃபாரட்டும் ஒரு மெகா ஓமும் சேர்ந்தால் கால மாறிலி ஒரு வினாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. நாம் நாற்காலியில் அசையும் வேகத்துக்கு அது தாராளம். நிலைமின்சாரக் கட்டுப்பாட்டுக்கான ஏ.என்.எஸ்.ஐ. / ஈ.எஸ்.டி. எஸ்20.20 தரநிலை, ஆளும் ஸ்ட்ராப்பும் சேர்ந்த மொத்தத் தடை 3.5 கோடி ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. கம்பி உள்ளே அறுவது பெரும்பாலும் அது பட்டையோடு சேரும் கழுத்தில். வெளியே பார்த்தால் தெரியாது. அதனால்தான் ஒவ்வொரு ஷிப்டிலும் கட்டியபடியே டெஸ்டரில் அழுத்திப் பார்க்கச் சொல்கிறார்கள். சட்டைக் கையின் மேல் ஸ்ட்ராப்பைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருப்பவர்களை எந்த லைனிலும் காணலாம். அது நகை அணிவது போலத்தான்.

நின்றும் நடந்தும் வேலை செய்பவர்களுக்குக் காலணியும் தரையும் சேர்ந்து அந்த வேலையைச் செய்யும். இரண்டும் சேர்ந்தால்தான். நல்ல தரை மேல் சாதாரண மெழுகுப் பாலிஷ் போட்டுவிட்டால் அது வெறும் தரை. அதேபோல் குதிகாலில் கட்டும் ஹீல் ஸ்ட்ராப்பை ஒரு காலில் மட்டும் கட்டினால், அந்தக் காலைத் தூக்கும் ஒவ்வொரு அடியிலும் இணைப்பு அறும். உட்கார்ந்தவர் பாதத்தை நாற்காலிக் கம்பியில் தூக்கி வைத்துவிடுவார், ஆகவே உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மணிக்கட்டு ஸ்ட்ராப்தான். உயர் மின்னழுத்தம் பாயும் திறந்த சர்க்யூட்டில் கை வைப்பவர் மட்டும் ஸ்ட்ராப்பைக் கழற்றிவிட வேண்டும். அங்கே ஆளின் உயிர்தான் முதலில்.

சரி, இப்போது போர்டுக்கு வருவோம்.

மின்னூட்டம் பிறக்கப் பலமாக உரச வேண்டியதில்லை. இரண்டு பொருள்கள் ஒட்டியிருந்து பிரிந்தாலே போதும். உரசல் அந்தத் தொடுதலையும் பிரிதலையும் பெருக்குகிறது, அவ்வளவுதான். இப்போது உங்கள் லைனில் ஒரு போர்டு என்னென்னவற்றிலிருந்து பிரிகிறது என்று யோசித்துப் பாருங்கள். சால்டர் படக்கூடாத இடங்களில் ஒட்டிய பாலிஇமைடு டேப்பை உரிக்கிறார்கள். டிஸ்ப்ளே மேலுள்ள பாதுகாப்புப் படலத்தை உரிக்கிறார்கள். கன்வேயர் பெல்ட்டில் வழுக்கி நிற்கிறது. பிளாஸ்டிக் டிரேயிலிருந்து எடுக்கப்படுகிறது. அயனி நீக்கிய தூய நீரை ஸ்ப்ரேயாக அடித்துக் கழுவுகிறார்கள். அந்த நீர் மின்சாரத்தைக் கடத்தாத அளவுக்குத் தூய்மையானது, ஆகவே துளிகள் அடித்துச் சிதறும்போதே மின்னூட்டம் ஏறும். நைலான் பிரஷ் போட்டுத் தேய்க்கிறார்கள். போர்டைப் பிடித்துச் சோதிக்கும் டெஸ்ட் ஃபிக்ஸ்ச்சரின் அக்ரிலிக் தட்டு அழுத்திவிட்டு மேலே எழுகிறது. டேப்பைச் சடாரென்று உரிக்கும் ஒரே செயலில் ஆயிரக்கணக்கான வோல்ட் உண்டாகும். இவ்வளவும் நடக்கும்போது ஆள் ரிஸ்ட் ஸ்ட்ராப் போட்டுத்தான் இருக்கிறார். ஆனால் போர்டின் ஓரத்தைப் பிடித்திருக்கும் அவருடைய விரல்கள் எஃப்.ஆர்.4 என்ற கண்ணாடி இழைப் பலகையையும் அதன் மேல் பூசிய சால்டர் மாஸ்க்கையும்தான் தொடுகின்றன. அவை கடத்தாப் பொருள்கள். உள்ளே இருக்கும் தாமிரத்துக்கும் அவருக்கும் தொடர்பே இல்லை.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. போர்டு மேட் மேல் தட்டையாகக் கிடக்கும்போது, தாமிரத் தளத்துக்கும் மேட்டுக்கும் இடைவெளி மிகக் குறைவு, மின்தேக்குத்திறன் அதிகம். அதே அளவு மின்னூட்டம் அங்கே சிறிய வோல்ட்டாகத் தெரியும். போர்டைத் தூக்கினால் மின்தேக்குத்திறன் சரிகிறது, மின்னூட்டம் மாறவில்லை, ஆகவே வோல்ட் எகிறுகிறது. மேசையில் கிடக்கும்போது சாதுவாக இருந்த போர்டு, கையில் எடுத்து கனெக்டரில் செருகப் போகும் அந்த நொடியில் பல நூறு வோல்ட்டில் இருக்கலாம். கிடக்கும் போர்டின் மேல், தொடாமலே நிலைமின்சார வோல்ட்டை அளக்கும் ஃபீல்டு மீட்டரைக் காட்டி "பூஜ்யம்தான்" என்று எழுதிக்கொள்ளும் தணிக்கைகள் இதனால்தான் ஏமாறுகின்றன. தூக்கிப் பிடித்து, பக்கத்தில் வேறு உலோகம் இல்லாமல் அளக்க வேண்டும்.

மின்னூட்டம் ஏறுவது மட்டும் பெரும்பாலும் யாரையும் கொல்லாது. அது வெளியேறும் கணம்தான் கொல்லும். தனி ஐ.சி. ஒன்று பிளாஸ்டிக் குழாயில் வழுக்கி வந்து உலோகத்தில் இறங்கினால், ஒரு நானோவினாடி அளவிலேயே முடிந்துவிடும் பாய்ச்சல் அது. ஆனால் உச்சம் பல ஆம்பியர். போர்டாக ஆன பிறகு நிலைமை மோசம். கிரவுண்ட் தளமும் பவர் தளமும் சேர்ந்த பெரிய தாமிரப் பரப்பு, ஒற்றை ஐ.சி.யைவிடப் பல மடங்கு மின்னூட்டத்தை அதே வோல்ட்டில் தேக்கி வைத்திருக்கிறது. அது அத்தனையும், முதலில் உலோகத்தைத் தொட்ட கனெக்டர் கால் எந்த ஐ.சி.க்குப் போகிறதோ அந்த ஒன்றின் வழியே வெளியேறுகிறது. அந்த ஐ.சி. உருகிய உலோகமும் கருகிய சிலிக்கானுமாகக் காட்சி தரும். தனி ஐ.சி.யில் நிலைமின்சாரம் போடும் ஊசிமுனைத் துளைபோல இருக்காது. அதனால் பழுது ஆய்வு செய்பவர் "அளவுக்கு மீறிய மின்னழுத்தம்" என்று எழுதிவிடுகிறார். அவர் பொய் சொல்லவில்லை, அவர் கண்ணுக்குத் தெரிவது அதுதான். உங்கள் அறிக்கையையும் இந்தக் கண்ணோட்டத்தில் திரும்பப் படியுங்கள்.

"போர்டில் ஏற்றியாயிற்று, இனி ஐ.சி. பத்திரம்" என்ற நம்பிக்கையும் இங்கே உடைகிறது. தனி ஐ.சி.க்கு ஆலையில் கொடுத்த தாங்குதிறன் எண், போர்டின் மேல் உட்கார்ந்த ஐ.சி.க்குப் பொருந்தாது.

கடத்தாப் பொருள்களைப் பற்றி. பிளாஸ்டிக் டிரேக்கு எர்த் கம்பி இணைத்து வைத்திருப்பவர்கள் உண்டு. பயனில்லை. கடத்தாப் பொருளில் மின்னூட்டம் அதே இடத்தில் உறைந்து நிற்கும். கம்பி தொட்ட புள்ளியில் மட்டும் வடியும். அதற்கு மூன்று வழிகள்தான்: அகற்றுவது, மாற்றுவது, நடுநிலைப்படுத்துவது. அகற்றுவது மலிவு, ஆனால் ஒழுக்கம் வேண்டும். தண்ணீர் பாட்டில், காகிதக் கோப்பின் பிளாஸ்டிக் உறை, தெர்மாகோல் துண்டு, செல்போன் கவர், சாதாரண ஒட்டுநாடாச் சுருள் எல்லாம் மேசையை விட்டுப் போக வேண்டும். இவை போர்டைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை. மின்னேறிய பிளாஸ்டிக் அருகில் இருக்கும்போது தூண்டலால் போர்டின் தாமிரத்தில் மின்னூட்டம் இடம் பெயர்கிறது. அந்த நேரத்தில் ஒரு கால் எர்த்தைத் தொட்டால் ஒரு பாய்ச்சல். பிளாஸ்டிக்கை நகர்த்திய பிறகு போர்டில் எதிர் மின்னூட்டம் மிஞ்சி நிற்கிறது, அடுத்த தொடுதலில் இன்னொரு பாய்ச்சல். எஸ்20.20 கணக்குப்படி 2.5 சென்டிமீட்டர் தூரத்தில் அளக்கும்போது 2000 வோல்ட்டுக்கு மேல் காட்டும் கடத்தாப் பொருளை, பாதிப்படையக்கூடிய பாகங்களிலிருந்து குறைந்தது 30 சென்டிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும், அல்லது நடுநிலைப்படுத்த வேண்டும்.

நடுநிலைப்படுத்த அயனைசர். ஊசிமுனையில் உயர் மின்னழுத்தம் கொடுத்து, காற்றில் நேர், எதிர் அயனிகள் இரண்டையும் உண்டாக்கி விசிறியால் தள்ளுகிறது. டேப் உரிக்கும் மேசை, லேபிள் ஒட்டும் இடம், கழுவி உலர்த்திய போர்டு வெளியே வரும் வாய், ஃபிக்ஸ்ச்சர் திறக்கும் இடம், இந்த நான்கில் அயனைசர் இல்லாத லைனைப் பார்த்தால் எனக்கு நெருடும். ஆனால் வாங்கி மாட்டிவிட்டு மறந்துபோவது, வாங்காமல் இருப்பதைவிட மோசமாகலாம். ஊசிகளில் தூசியும் வெண்மையான படிவும் சேரும். ஒரு வகை அயனி குறைந்துபோய், அயனைசரே போர்டில் மின்னூட்டம் ஏற்றத் தொடங்கும். அதன் மிச்ச வோல்ட் கூட்டியோ கழித்தோ 35-க்குள் இருக்க வேண்டும் என்பது தரநிலை. 1000 வோல்ட் 100 ஆக இறங்க எத்தனை வினாடி எடுக்கிறது என்பதை இரு துருவங்களுக்கும் தனித்தனியே பார்க்க வேண்டும். வினாடிகள் என்பதைக் கவனியுங்கள். டேப்பை வெடுக்கென்று உரித்து அதே மூச்சில் கனெக்டரில் செருகினால் அயனைசருக்கு நேரமே இல்லை. மெதுவாக, காற்றோட்டத்துக்குள் வைத்து உரித்து, சற்று நிறுத்தி, பிறகு செருகச் சொல்லுங்கள். காசு செலவில்லாத மாற்றம் இது. அழுத்தக் காற்று அடித்துச் சுத்தம் செய்கிறீர்கள் என்றால் அயனி கலந்த காற்று தரும் துப்பாக்கியை வாங்குங்கள். தூய உலர்ந்த காற்று அவ்வளவாக மின்னூட்டம் தராது. அது சுமந்து வரும் தூசியும் துளியும்தான் தரும்.

கன்வேயரிலும், பாகங்களை எடுத்துப் போர்டில் வைக்கும் பிக் அண்ட் பிளேஸ் இயந்திரத்திலும் ஒளிந்திருக்கும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: எர்த்தோடு சேராமல் மிதக்கும் உலோகம். அலுமினியப் பிடிப்பான் பளபளவென்று இருக்கும், ஆனால் மேலே இருக்கும் அனோடைஸ் பூச்சு கடத்தாது. உருளை உலோகம்தான், ஆனால் பேரிங் கிரீஸ் சுழலும்போது மின்பாதையை அறுத்துவிடும். இப்படி மிதக்கும் கடத்திகளில் 35 வோல்ட்டுக்கு மேல் நிற்கக் கூடாது. இயந்திரம் ஓடும்போது அளக்க வேண்டும், நிறுத்தி வைத்து மல்டிமீட்டரில் தொட்டுப் பார்த்தால் எல்லாம் சரியாகவே காட்டும்.

மேட்டைப் பற்றிக் கேட்டிருந்தால் சொல்வேன்: மேசை உலோகத் தகடாக இருப்பதுதான் நல்லது என்று நினைப்பவர்கள், இவ்வளவு நேரம் சொன்னதை வைத்து யோசித்தால் விடை தெரியும். மின்னேறிய போர்டு வெறும் உலோகத்தில் இறங்கினால் அதுவே நாம் அஞ்சும் பாய்ச்சல். அதனால்தான் மேட்டின் தடை பொதுவாகப் பத்து லட்சம் ஓமுக்கும் 100 கோடி ஓமுக்கும் இடையில் இருக்கும். மின்னூட்டம் வடிய வேண்டும், ஆனால் நிதானமாக வடிய வேண்டும். ஒவ்வொரு மேட்டிலிருந்தும் தனிக் கம்பி பொது கிரவுண்ட் புள்ளிக்குப் போகட்டும். ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சங்கிலியாகப் போட்டால், நடுவில் ஒரு பொத்தான் கழன்றாலே அதற்குப் பின்னுள்ள எல்லா மேசைகளும் அறுந்துவிடும். சிலிக்கோன் கலந்த துடைப்பான் திரவம் மேட்டின் மேல் கடத்தாத படலம் விடும், அதைத் தவிருங்கள்.

சால்டரிங் அயர்னின் முனை எர்த்தோடு 2 ஓமுக்குள் இருக்க வேண்டும். சால்டர் உறிஞ்சும் பம்பின் சாதாரண பிளாஸ்டிக் மூக்கும் கணிசமான மின்னூட்டம் கொடுக்கும், கடத்தும் மூக்கு உள்ளதாக வாங்குங்கள்.

அப்புறம் பைகள். இளஞ்சிவப்புப் பை தன்மேல் மின்னூட்டம் ஏறாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். வெளியிலிருந்து வரும் பாய்ச்சலை அது தடுக்காது. அதன் குணமும் மேற்பூச்சு வேதிப்பொருள் காற்றின் ஈரத்தை ஈர்ப்பதால் வருவது, காலப்போக்கில் மங்கும். கட்டடத்தை விட்டு வெளியே போகும் போர்டுக்கு உலோகப் படலம் கொண்ட, புகைநிறமாகத் தெரியும் ஷீல்டிங் பை வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும். துளை விழுந்து கசங்கிப்போன பையைத் திரும்பப் பயன்படுத்துவது பொய்யான சிக்கனம். பையின் வெளிப்புறத்தை மேட் போல விரித்து அதன் மேல் போர்டை வைப்பதும் தவறு. மின்கலம் பொருத்திய போர்டைக் கருப்புக் கார்பன் டிரேயிலோ கருப்பு ஃபோமிலோ வைத்தால் அது கடத்தி, மின்கலம் வடிந்துவிடும். இதை நிலைமின்சாரப் பழுது என்று நினைத்துத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

ஈரப்பதம் கூட்டினால் தீராதா என்று சிலர் கேட்பார்கள். பல பத்தாண்டுகளாக எடுத்தாளப்படும் ஒரு பழைய அட்டவணையின்படி, கம்பளத் தரையில் நடந்தால் 10 முதல் 20 சதவீத ஈரப்பதத்தில் 35,000 வோல்ட் வரையும், 65 முதல் 90 சதவீதத்தில் 1,500 வோல்ட் வரையும் ஏறும். பெரிய இறக்கம்தான். ஆனால் 1,500 வோல்ட்டே பல ஐ.சி.க்களுக்கு எமன். தவிர, ஈரம் மிகுந்தால் பிளாஸ்டிக் உறை ஐ.சி.க்கள் நீரை உறிஞ்சி, சால்டரை உருக்கும் ரீஃப்ளோ அடுப்பில் உள்ளே வெடிப்பு விடும், சால்டர் பேஸ்ட்டும் கெடும். 40 முதல் 60 சதவீதத்துக்குள் வைத்துக்கொண்டு, மற்ற ஏற்பாடுகளில் ஒன்றையும் தளர்த்தாமல் இருப்பதே சரி. அடுப்பிலிருந்து சூடாக வெளியே வரும் போர்டைச் சுற்றி அந்த 50 சதவீதமும் இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

மாதங்கள் கழித்துத் திரும்பி வரும் போர்டுகளைப் பற்றி எச்சரிக்கையாகத்தான் பேசுவேன். பாதி காயப்பட்ட ஆக்சைடு சோதனையில் தேறி, பின்னால் சாகும் என்பது இயற்பியல்படி உண்மை. அது எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்பதில் பொறியாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. திரும்பி வந்த எல்லாவற்றையும் நிலைமின்சாரத்தின் தலையில் கட்டினால், மின்சாரம் ஓடும்போதே கனெக்டரைச் செருகிப் பிடுங்கும் பயனரும், பவர் வரிசையைத் தப்பாகக் கொடுக்கும் உங்கள் டெஸ்ட் ஃபிக்ஸ்ச்சரும் தப்பித்துவிடுவார்கள்.

ஆகவே வாங்குவதற்கு முன் அளந்துவிடுங்கள். ஒரு ஃபீல்டு மீட்டரை எடுத்துக்கொண்டு, ஒரே ஒரு போர்டோடு லைனின் தொடக்கத்திலிருந்து பேக்கிங் வரை நடந்து போங்கள். ஒவ்வொரு பிரிதலுக்குப் பின்னும் தூக்கிப் பிடித்து அளந்து எழுதுங்கள். எங்கே உலோகம் முதலில் தொடுகிறது, அது எந்தக் கால் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு செத்த போர்டுகளில் எந்தக் கால் போயிருக்கிறது என்று எண்ணுங்கள். பழுதுகள் ஒரே கனெக்டரின் ஒரே ஓரக் காலில் குவிந்தால், கிட்டத்தட்ட ஆள் பிடிபட்டான். உறுதிப்படுத்த, நல்ல போர்டு ஒன்றை எதுவும் தொடாமல் நிறுத்தி, உயர் தடை வழியாக நீங்கள் அளந்த அதே வோல்ட்டுக்கு ஏற்றி, அதே காலை எர்த்தில் தொடவிடுங்கள். வோல்ட்டைப் படிப்படியாகக் கூட்டி, இறந்த ஐ.சி.யைப் பழைய பழுதோடு ஒப்பிடச் சொல்லித் தயாரிப்பாளருக்கு அனுப்புங்கள். இரண்டு படங்களும் ஒத்துப்போனால், அந்த மேசைக்கு அயனைசரும், கிரவுண்ட் முள் முதலில் உயர் தடை வழியாகத் தொடும்படி மாற்றிய ஃபிக்ஸ்ச்சரும் போதும். ஒத்துப்போகவில்லை என்றால் ஃபிக்ஸ்ச்சரின் பவர் ரயிலில் (போர்டுக்கு மின்சாரம் கொடுக்கும் இணைப்பு) ஆஸிலோஸ்கோப்பை மாட்டி, ஆன் ஆகும் கணத்தைப் பதிவு செய்யுங்கள்.